தடைக்கு முன்னால் நிலம்

ஒவ்வொரு ஜூலை 30-ஆம் தேதியும் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பிறந்தநாளுக்கு முகநூல் முழுக்க அவர் படம் சுற்றும். கூடவே அந்தப் பதிலடியும் சுற்றும். பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் தேவதாசி முறை வேண்டும் என்று சட்டசபையில் ஒருவர் வாதாடினாராம், "அப்படியானால் இனி உங்கள் வீட்டுப் பெண்களை அனுப்புங்கள்" என்று இவர் வாயடைத்தாராம். யார் யாரிடம் சொன்னது, யார் சொல்லிக்கொடுத்தது என்பதெல்லாம் பதிவுக்குப் பதிவு மாறும். ஆயிரக்கணக்கில் லைக் விழும். அடுத்த ஜூலை வரை அவரை மறந்துவிடுவோம்.

எனக்கு இது உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. ஒரு சட்டமன்ற உறுப்பினர் எப்படி இருக்க வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் இவரைத்தான் காட்டுவேன். ஆனால் அதற்குக் காரணம் அந்தப் பதிலடி இல்லை. 1929-இல் அவர் கொண்டுவந்த ஒரு திருத்தம். அதைப் பற்றி ஒரு மீமும் நான் பார்த்ததில்லை.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்தார். அம்மா சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். அப்பா நாராயணசாமி ஐயர் கல்லூரி முதல்வர். மகள் 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். பெண்கள் சட்டசபையில் உட்காரலாம் என்று சென்னை மாகாணத்தில் 1926-இல்தான் வழி திறந்தது. அடுத்த ஆண்டே நியமன உறுப்பினராக உள்ளே போனார், துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர் அவர்தான்.

1927-இல், சிறுமிகளுக்குப் பொட்டுக் கட்டுவதை, அதாவது கோயிலுக்கு நேர்ந்து தேவதாசியாக்குவதைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். சபை ஏற்றுக்கொண்டது. சத்தியமூர்த்தி போன்ற பெரிய தேசியவாதிகளே இந்த விஷயத்தில் எதிர்ப்பக்கம் நின்றார்கள். சரி, இதுவரை எல்லோருக்கும் தெரிந்த கதை.

தெரியாத கதை மானிய நிலத்தில் இருக்கிறது. கோயில் சேவைக்காக அந்தக் குடும்பங்களுக்கு இனாம் நிலம் இருந்தது. வீட்டு மனை, கொஞ்சம் நஞ்சை என்று இடத்துக்கு இடம் மாறும். நிபந்தனை ஒன்றுதான்: சேவை தொடர வேண்டும். சேவை நின்றால் நிலம் கையைவிட்டுப் போகும். இப்போது ஒரு தாயின் இடத்தில் நின்று யோசித்துப் பாருங்கள். வயதாகிறது, ஆட முடியவில்லை. வீட்டில் எட்டு வயதில் ஒரு பெண் குழந்தை. அவளுக்குப் பொட்டுக் கட்டினால் சோறு நிலைக்கும், கட்டாவிட்டால் மொத்தக் குடும்பமும் தெருவுக்கு வரும். அந்தத் தாயிடம் போய் ஒழுக்கம் பேசி என்ன பயன்? அவளைப் பிடித்து வைத்திருந்தது பக்தி மட்டும் இல்லை, பட்டாவும்தான்.

முத்துலட்சுமி ரெட்டி கை வைத்தது அங்கேதான். இந்து சமய அறநிலையச் சட்டத்தில் அவர் கொண்டுவந்த திருத்தம் 1929-இல் நிறைவேறியது. சேவை செய்தால்தான் நிலம் என்ற அந்த முடிச்சை அது அவிழ்த்தது. பெண் கோயில் பணியை விட்டு வெளியே வரலாம், நிலத்தை அனுபவிக்கலாம், மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பலாம். பொட்டுக் கட்டுவதையே குற்றமாக்கும் மசோதாவை இதற்கு அப்புறம்தான், 1930-இல், சபைக்குக் கொண்டுவந்தார். முதலில் வாழ வழி, பிறகு தடை. இந்த வரிசை எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. மேடையில் கைதட்டல் வாங்க விரும்புகிறவருக்கு இனாம் நில நிபந்தனையைப் பற்றி வரிவரியாகப் படிக்கும் பொறுமை வராது.

இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் காலத்திலேயே உதாரணம் உண்டு. மகாராஷ்டிரத்தில் 2005-இல் டான்ஸ் பார்களுக்குத் தடை போட்டார்கள். பெண்களின் கண்ணியத்துக்காக என்றார்கள். அந்த வருமானத்தில் வாழ்ந்த பெண்கள் மறுநாள் எதைத் தின்பார்கள் என்ற கேள்விக்கு உருப்படியான பதில் இல்லை. 2006-இல் மும்பை உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்தது, 2013-இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அந்தப் பெண்கள் பட்ட பாட்டை யார் ஈடுகட்டினார்கள்?

இனி நம்மில் பலருக்குப் பிடிக்காத பகுதி. அவர்மீது உண்மையான மரியாதை இருந்தால் இதையும் பேச வேண்டும்.

தேவதாசிப் பெண்கள் பலர் அவரை எதிர்த்தார்கள். சங்கம் கூடினார்கள், அரசுக்கு மனு எழுதினார்கள். பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள் அதில் முன்னால் நின்றார். எங்கள் எல்லோரையும் ஒரே தராசில் நிறுத்து விபசாரிகள் என்று சொல்லாதீர்கள், எங்களுக்குக் கலை இருக்கிறது, சொத்துரிமை இருக்கிறது, எங்களுக்குக் கல்வி கொடுங்கள் என்பது அவர்கள் வாதத்தின் சாரம். அதில் நியாயம் இருந்தது. அந்த மரபில் பெண்ணுக்குத்தான் சொத்து, பெண்ணைத்தான் தத்தெடுப்பார்கள், படிப்பும் பாட்டும் பெண்ணுக்கு உண்டு. மற்ற வீடுகளில் அன்று எத்தனை பெண்களுக்கு இதில் பாதியாவது இருந்தது? அதே மரபில் வந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் இந்த முறையை ஒழிக்க ஊர் ஊராகப் பேசினார் என்பதும் உண்மை. ஆக அந்தச் சமூகத்துக்குள்ளேயே இரண்டு குரல் இருந்தது. முத்துலட்சுமி ரெட்டி ஒரு குரலுக்குத்தான் முழுதாகக் காது கொடுத்தார். மருத்துவராக அவர் பார்த்த நோயும் சிறுமிகளின் வேதனையும் அவரை அப்படி ஆக்கியிருக்கலாம். அவர் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் தேவதாசிகள் ஆடிவந்த சதிர் நடனத்தையும் சேர்த்தே அவர் தள்ளியதில் எனக்கு உடன்பாடு இல்லை. 1932-இல் அவருக்கும் சதிருக்காக வாதாடிய ஈ. கிருஷ்ண ஐயருக்கும் பத்திரிகையில் நடந்த கடித வாதம் பிரபலம். கலை கடைசியில் அழியவில்லை. பரதநாட்டியம் என்ற பெயரில் வேறு வீடுகளுக்குக் குடிபோனது. அதைக் காப்பாற்றி வந்த பெண்களுக்குத்தான் மேடை இல்லாமல் போனது. இந்த இழப்பை அவர் கணக்கில் வைக்கவில்லை.

அப்புறம் அந்த ராஜினாமா. 1930 மே மாதம் உப்புச் சத்தியாகிரகத்தில் காந்தி கைது செய்யப்பட்டபோது, அதை எதிர்த்துச் சபையைவிட்டு வெளியேறினார். மசோதா அப்போது நிலுவையில் இருந்தது. சட்டம் கடைசியில் வந்தது 1947-இல். பதினேழு ஆண்டுகள். அதற்குள் எத்தனை சிறுமிகளுக்குப் பொட்டுக் கட்டப்பட்டிருக்கும்! பதவியைத் தூக்கி எறிந்ததை எல்லோரும் தியாகம் என்று எழுதுகிறோம், தியாகம்தான். என் மனம் மட்டும் அந்த மசோதாவிலேயே நின்றுவிடுகிறது. அவர் இருந்திருந்தால் முன்பே நிறைவேறியிருக்குமா? உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் கொள்கைக்காக ஒருவர் விலகும்போது அதன் விலையை அவர் மட்டும் கொடுப்பதில்லை. விலகியவர் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். விடுதிகளில் இடம் மறுக்கப்பட்ட தேவதாசி வீட்டுச் சிறுமிகளுக்காக அவ்வை இல்லம் தொடங்கினார். 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை வந்தது.

இன்றைய நம் எம்.எல்.ஏ.க்களிடம் நான் எதிர்பார்ப்பது பெரிதாக ஒன்றும் இல்லை. கட்சித் தாவல் தடைச் சட்டம் 1985-இல் வந்ததிலிருந்து கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவியே போகலாம், அது தெரியும். ஆனால் எழுந்து ஒரு கேள்வி கேட்பதை எந்தக் கொறடா தடுக்கிறார்? கையால் மலம் அள்ளுவதை 1993-இலும் 2013-இலும் சட்டம் போட்டுத் தடை செய்தோம். இன்னும் கழிவுநீர்த் தொட்டிக்குள் ஆட்கள் இறங்குகிறார்கள், மூச்சுத் திணறிச் சாகிறார்கள். சாவுக்குப் பத்து லட்சமாக இருந்த இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023-இல் முப்பது லட்சமாக்கியது. சரி, உயிரோடு இருப்பவருக்கு? அவர் அந்தத் தொழிலைவிட்டு வெளியே வர என் தொகுதியில் என்ன வழி செய்திருக்கிறோம், எத்தனை பேருக்கு வேறு வேலை கிடைத்தது என்று ஒவ்வொரு உறுப்பினரும் பெயர்ப்பட்டியலோடு கேட்கட்டும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகள் பிக்மி எண் (கர்ப்பப் பதிவு எண்) பதிந்து வாங்கும் 18,000 ரூபாய் உதவி முத்துலட்சுமி ரெட்டி பெயரில்தான் வருகிறது. அது நல்ல விஷயம். அதோடு இன்னொன்றும் செய்யலாம். நம் பள்ளிப் பாடநூலில் இவரைப் பற்றிய பாடத்தில் அந்த 1929 திருத்தம் என்ன செய்தது என்று ஒரு பத்தி சேருங்கள். அதற்குக் கீழேயே நாகரத்தினம்மாளும் மற்றப் பெண்களும் என்ன கேட்டார்கள் என்பதையும் போடுங்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டையும் படித்துவிட்டு வகுப்பில் சண்டை போடட்டும்.