முதலிடத்தில் இருப்பது ‘எண்ட்கேம்’ அல்ல

‘உலகிலேயே அதிக வசூல் செய்த படம் அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ என்ற தகவல் மறுபடியும் சுற்றி வருகிறது. மார்வெல் ரசிகனான எனக்கும் பகிரக் கை துறுதுறுத்தது. ஆனால் அது பழைய கணக்கு. 2019 ஜூலையில் அந்தப் படம் ‘அவதார்’ படத்தை முந்தியது உண்மை. 2021 மார்ச்சில் சீனாவில் மறுவெளியீடு கண்ட ‘அவதார்’ இழந்த இடத்தை மீட்டுக்கொண்டது. 2022 செப்டம்பரில் மீண்டும் திரைக்கு வந்து இடைவெளியைக் கூட்டியது. இப்போது அதன் வசூல் சுமார் 292 கோடி டாலர். ‘எண்ட்கேம்’ சுமார் 280 கோடி.

மறுவெளியீட்டுப் பணத்தைச் சேர்க்கலாமா என்று நம் ஆட்கள் பொருமுகிறார்கள். ‘எண்ட்கேம்’ மட்டும் என்னவாம்? 2019 ஜூன் இறுதியில் கூடுதல் காட்சிகளோடு மறுபடி வந்த பிறகுதானே அதுவும் முந்தியது! விலைவாசி உயர்வையும் சேர்த்துக் கணக்கிட்டால், 1939இல் வந்த ‘கான் வித் த விண்ட்’ இரண்டையும் தாண்டி நிற்கிறது.