இருபது நிமிடப் பாட்டுக்கு ஒரு முழு மாலை

அப்பா விட்டுச்சென்ற இசைத்தட்டுகளை இறுவட்டுக்கு மாற்றித் தருவதாக அம்மாவிடம் வாக்குக் கொடுத்த நாளிலிருந்து, கல்லடியிலுள்ள எங்கள் வீட்டில் என் மாலைப்பொழுதுகள் எனக்குச் சொந்தமில்லை. கணினியில் கோப்பைப் பிரதி செய்வதுபோல இதை விரைவாக முடிக்க வழியில்லை. நிமிடத்துக்கு 33⅓ சுற்று வீதம் சுழலும் தட்டின் ஒரு பக்கம் 20 நிமிடம் ஓடினால், அந்த 20 நிமிடமும் காத்திருக்கத்தான் வேண்டும். 18ஆவது நிமிடத்தில் மின்சாரம் போகும். அல்லது யாராவது கதவை அடித்துச் சாத்த, ஊசி துள்ளிவிடும். உப்புக் காற்றாலும் மாரிக்கால ஈரத்தாலும் உறைகளில் பூஞ்சணம் பிடித்திருப்பதால், எவ்வளவு துடைத்தாலும் கச்சான் வறுக்கும் சத்தமொன்று பாட்டோடு சேர்ந்தே பதிவாகிறது. மென்பொருளால் அதை நீக்கப் போனால் வயலினின் உயிரும் போய்விடுகிறது, ஆகவே விட்டுவிட்டேன். அம்மாவுக்கு அந்தச் சத்தம் பிடித்தும் இருக்கிறது.

அட்டை வேலை அதைவிடக் கொடுமை. 12 அங்குல உறையை 12 சென்ரிமீற்றர் சதுரத்துக்குள் அடக்கினால் பெயர்களெல்லாம் எறும்பு வரிசையாகிவிடுவதால், அனைத்தையும், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்துகளைக் காட்டும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் மறுபடி தட்டச்சிட்டேன். அச்சுக் கடைக் கணினியில் அந்த எழுத்துரு இல்லாமையால், பாட்டுப் பட்டியல் முழுவதும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக வந்து நின்றது. “இது என்ன பாஷை அண்ணன்?” என்று கடைக்காரத் தம்பி கேட்டார்.

வட்ட ஒட்டுத்தாள் சற்றே விலகினாலும் இறுவட்டு ஆட்டங்கண்டு சுழல்கிறது. உரித்தெடுத்தாலோ வெள்ளிப் படலமும் கையோடு வருகிறது. மூன்று போய்விட்டன. நான்காவதில் பேனாவால் எழுதிவிட்டேன்.