எபிரெயர் 11-ஐ 34-ஆம் வசனத்தோடு நிறுத்தாதீர்கள்

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து சென்னையில் எந்தச் சபையிலிருந்து வெளியே வந்தாலும், அநேகமாக ஒவ்வொருவர் கையிலும் ஒரு வாக்குத்தத்த வசனம் இருக்கும். ஆசீர்வாதம், பெருக்கம், வாசல் திறத்தல். அதில் தவறில்லை, வேதத்தில் இருக்கிற வசனங்கள்தான். ஆனால் அதிலிருந்து மெல்ல மெல்ல வேறொன்று உருவாகிவிட்டது. விசுவாசத்தினால் பிழைப்பது என்றால் விசுவாசித்துக் கேட்டு வாங்கிக்கொள்வது என்று ஆகிவிட்டது. வீடு வாங்கியவர் விசுவாசி. விசா கிடைத்தவர் விசுவாசி. கிடைக்காதவரைப் பார்த்து என்ன சொல்கிறோம்?

பெரம்பூர் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு அக்காவின் கணவர் டயாலிசிஸில் இருக்கிறார். பார்க்க வந்தவர்கள் ஜெபித்துவிட்டுப் போகும்போது, "முழு விசுவாசத்தோட கேட்டீங்களாம்மா?" என்று கேட்டிருக்கிறார்கள். கேட்டவர்கள் கெட்டவர்கள் இல்லை, அன்பாக வந்தவர்கள்தான். ஆனால் அந்தக் கேள்வி ஒரு தீர்ப்பு. வாரத்துக்கு மூன்று நாள் கணவரைக் கூட்டிக்கொண்டு அலைகிற பெண்ணின் தலையில், நோய்க்குக் காரணமே நீதான் என்று வைத்த பாரம்.

இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன், ஏனென்றால் இது சுவிசேஷத்துக்கே விரோதம். ரோமர் 4-இல் பவுல் என்ன சொல்கிறார்? வேலை செய்கிறவனுக்கு வருவது கூலி, அது கிருபை இல்லை. கிரியை செய்யாமல், பாவியை நீதிமானாக்குகிறவர்மேல் விசுவாசம் வைக்கிறவனுக்கு அந்த விசுவாசமே நீதியாக எண்ணப்படும். அந்த விசுவாசத்தையே ஒரு கிரியையாக மாற்றி, இவ்வளவு விசுவாசம் கொடு, இவ்வளவு பலன் எடு என்று கணக்குப் போட்டால், கூலிக் கணக்குக்கே திரும்பிப் போகிறோம். என்னை நீதிமானாக்குவது என் விசுவாசத்தின் அளவு அல்ல, கிறிஸ்து. விசுவாசம் அவரைப் பிடித்துக்கொள்கிற கை. நடுங்குகிற கையாக இருந்தாலும் பிடித்திருப்பது அவரைத்தான்.

இந்த விஷயத்துக்காகத் திருச்சபை நூற்றாண்டுக் கணக்கில் சண்டை போட்டிருக்கிறது. 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் லுத்தரன்களும் கத்தோலிக்கர்களும் ஒரே அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். நம்மிடம் உள்ள எந்தத் தகுதியினாலும் அல்ல, கிருபையினால் மட்டுமே தேவன் நம்மை ஏற்றுக்கொள்கிறார் என்பது அதன் சாரம். அவர்களே இதில் ஒன்றுபட்ட பிறகு, நாம் ஆஸ்பத்திரி வார்டில் போய் தகுதி விசாரிக்கிறோம்.

"தன் விசுவாசத்தினாலே நீதிமான் பிழைப்பான்" என்பது முதலில் எங்கே வருகிறது? ஆபகூக் 2:4. கல்தேயர், அதாவது பாபிலோனியர் படை வரப்போகிறது என்று தேவனே சொல்லிவிட்ட நேரம். படை வராது என்று ஆபகூக் தீர்க்கதரிசிக்கு வாக்குக் கொடுக்கப்படவில்லை. அந்தப் புத்தகம் எப்படி முடிகிறது என்று பாருங்கள்: அத்திமரம் துளிர்க்கவில்லை, வயலில் விளைச்சல் இல்லை, தொழுவத்தில் மாடு இல்லை. ஆனாலும் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன் என்கிறான். பவுல் ரோமருக்கும் கலாத்தியருக்கும் எழுதும்போது எடுத்தாண்டது இந்த மனிதனின் புத்தகத்தைத்தான்.

விசுவாசத்தினால் வாழ்ந்தவர்களைப் பட்டியலிடுகிற எபிரெயர் 11-ஆம் அதிகாரத்தையும் நாம் பாதியில் நிறுத்துகிறோம். 34-ஆம் வசனத்தில் விசுவாசத்தினாலே பட்டயக்கருக்குக்குத் தப்பினவர்கள் வருகிறார்கள். அங்கே ஆமென் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறோம். 37-ஆம் வசனத்தில் அதே விசுவாசத்தினாலே பட்டயத்தினால் வெட்டப்பட்டு மரித்தவர்கள் வருகிறார்கள். இவர்கள் எல்லாரும் நற்சாட்சி பெற்றவர்கள் என்று 39-ஆம் வசனம் சொல்கிறது, வாக்குத்தத்தம் பண்ணப்பட்டதை அடையாமல் போனாலும்.

நம்ம ஊரிலேயே ஒருவர் இருந்தார். யோகான் பிலிப் பப்ரிசியுஸ். 1740-இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானியர், 1742-இல் சென்னைக்கு வந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வேப்பேரி மிஷனை நடத்தினார். வேதாகமத்தை மொழிபெயர்த்தார், ஞானப்பாட்டுகளைத் தமிழில் தந்தார், அகராதி தொகுத்தார். கடைசிக் காலத்தில் பணக் கொடுக்கல் வாங்கலில் சிக்கி, கடனுக்காகச் சிறைக்கும் போனார். 1791-இல் இறந்தார். பண விஷயத்தில் அவர் செய்தது தவறுதான், மூடி மறைக்க வேண்டாம். ஆனால் தேவனுக்கு முன்பாக அவர் நிற்பது மொழிபெயர்ப்பைக் காட்டி அல்ல. சிறையினால் அவர் நிலை போய்விடவும் இல்லை. இன்றைய சாட்சி நேரத்தில் அவருக்கு மைக் கொடுப்போமா என்று யோசிக்கிறேன்.

அப்போ எப்படி வேண்டுமானாலும் வாழலாமா என்று சிலர் கேட்பார்கள். கூடாது. கிரியையில்லாத விசுவாசம் செத்தது என்று யாக்கோபு சொல்கிறார், நானும் ஆமென் சொல்கிறேன். ஏற்கெனவே ஏற்றுக்கொள்ளப்பட்டவன் ஆபீஸில் பொய் பில் போடமாட்டான், வீட்டு வேலைக்கு வருகிற அம்மாவின் சம்பளத்தை இழுத்தடிக்கமாட்டான். நீதிமானாவதற்காக அல்ல, நீதிமானாக்கப்பட்டதால்.

சபை ஐயர்மார்களிடமும் பாஸ்டர்களிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள். மாதத்தில் ஒரு ஞாயிறாவது, ஜெபத்துக்கு இன்னும் பதில் வராதவர்களைச் சாட்சி சொல்லக் கூப்பிடுங்கள். வேலை போய் ஆறு மாதமாகியும் ஆராதனைக்கு வருகிறவர், பிள்ளை இல்லாமல் பதினைந்து வருடம் ஆன தம்பதி, அந்தப் பெரம்பூர் அக்கா. மறுபடி அவர்கள் வீட்டுக்குப் போகிறவர்கள் விசுவாசத்தினாலே நீதிமான்களாக்கப்பட்டவர்களுக்குத் தேவனோடு சமாதானம் உண்டு என்கிற ரோமர் 5:1-ஐ வாசியுங்கள், ஜெபியுங்கள். அப்புறம், அடுத்த டயாலிசிஸுக்கு யார் கூடப் போவது என்று கேட்டுவிட்டு வாருங்கள்.