நம்ம ஊர்ல என்ன பனியா பெய்யுது?

"நம்ம ஊர்ல என்ன பனியா பெய்யுது சார்? கூலன்ட் எல்லாம் எதுக்கு, தண்ணியே போதும்." இன்ஜின் சூட்டைத் தணிக்க ரேடியேட்டரில் ஊற்றும் திரவமான கூலன்டைப் பற்றிய இந்த வசனத்தை இன்னும் ஒரு மெக்கானிக் வாயிலிருந்து கேட்டால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. சேலத்தில் கேட்டாச்சு, ஈரோட்டில் கேட்டாச்சு, நாமக்கல்லில் லாரி பட்டறை அண்ணன் ஒருத்தர் சிரித்துக்கொண்டே சொல்லியும் கேட்டாச்சு. எல்லோருக்கும் யாரோ ஒரே ஆள் பாடம் எடுத்த மாதிரி வார்த்தை மாறாமல் வருகிறது.

செகண்ட் ஹேண்டில் எடுத்த சின்ன பெட்ரோல் கார் என்னுடையது. பழைய ஓனர் நல்ல மனிதர், சர்வீஸ் பில் எல்லாவற்றையும் ஃபைல் போட்டுக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பானெட்டைத் திறந்து ரிசர்வாயர் டப்பாவைப் பார்த்தால், டீக்கடை பாய்லரைக் கழுவி ஊற்றிய தண்ணீர் மாதிரி ஒன்று உள்ளே நிற்கிறது. டப்பாவின் அடியில் செம்மண் படிந்த மாதிரி ஒரு படலம். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து விரலை விட்டால், நுனியில் துரு வருகிறது. அந்த ஃபைலைப் புரட்டினால் ஒவ்வொரு பில்லிலும் "கூலன்ட் டாப்-அப்" என்று ஒரு வரி, அதற்கு ஒரு தொகை!

எனக்குக் கொதிப்பு ஏறியது அந்த வரியைப் பார்த்துத்தான். கூலன்ட் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்கிற சமாச்சாரம் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. ஒவ்வொரு சர்வீஸிலும் அரை லிட்டர் குறைகிறது என்றால் அது எங்கேயோ போகிறது என்று அர்த்தம். ஹோஸ் கிளாம்ப் தளர்ந்திருக்கலாம், வாட்டர் பம்ப் கசியலாம், ரேடியேட்டர் மூடியின் ரப்பர் செத்திருக்கலாம், இல்லை சிலிண்டர் ஹெட்டுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் என்ற அடைப்புத் தகடு வழியாக இன்ஜினுக்குள்ளேயே போய் ஆவியாகிக்கொண்டிருக்கலாம். கம்பெனி சர்வீஸ் சென்டரில், ஏசி ரூமில் உட்கார வைத்து காபி கொடுக்கிற இடத்தில், இத்தனை வருஷத்தில் ஒருத்தருக்குக்கூட "ஏன் குறைகிறது" என்று கேட்கத் தோன்றவில்லை. ஊற்று, பில் போடு, அனுப்பு.

சரி, அந்தப் பனி வசனத்துக்கு வருவோம். கூலன்டில் இருக்கும் எத்திலீன் கிளைகால் உறையாமல் பார்த்துக்கொள்ளும், உண்மைதான். பாதிக்குப் பாதி கலந்தால் மைனஸ் 37 டிகிரி வரை தாங்கும். அது நமக்கு வேண்டாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதே கலவை சாதாரண அழுத்தத்திலேயே 106, 107 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். ரேடியேட்டர் மூடி கொடுக்கும் அழுத்தமும் சேர்ந்தால் 125 டிகிரிக்குப் பக்கத்தில் போகும். மே மாதம் மத்தியானம், ஏசி போட்டு, நாலு பேரை ஏற்றிக்கொண்டு கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை இரண்டாவது கியரில் ஏறிப் பாருங்கள், அந்தக் கூடுதல் டிகிரிகள் எதற்கு என்று தெரியும். இதில் வேடிக்கை என்னவென்றால், வெப்பத்தை இழுத்துப் போவதில் வெறும் தண்ணீர் உண்மையிலேயே கிளைகாலை விடக் கெட்டிக்காரன். மெக்கானிக் சொல்வதில் பாதி சரி. அந்தப் பாதி சரியை வைத்துக்கொண்டுதான் முழு இன்ஜினையும் காலி செய்கிறார்கள்.

ஏனென்றால் கூலன்டில் இன்னொன்றும் இருக்கிறது, துருப்பிடிக்காமல் காக்கும் மருந்து. இன்றைய கார்களில் ரேடியேட்டர் அலுமினியம், சிலிண்டர் ஹெட் அலுமினியம், பல வண்டிகளில் பிளாக்கே அலுமினியம். அதற்குள் இவர்கள் ஊற்றுவது என்ன? பட்டறை மூலையில் இருக்கும் டிரம்மிலிருந்து போர் தண்ணீர், அதுவும் பழைய கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் மொண்டு. எங்கள் பக்கத்து போர் தண்ணீர் வீட்டு ஷவர் துளைகளை ஒரே வருஷத்தில் அடைத்து விடுகிறது, கீசர் காயிலில் வெள்ளையாய்ப் பாறை கட்டுகிறது. அதே உப்புதான் ரேடியேட்டரின் சன்னமான குழாய்களிலும் படிகிறது. படிந்த இடத்தில் சூடு இறங்காது. தண்ணீரில் இருக்கும் குளோரைடு அலுமினியத்தைப் பொத்தல் பொத்தலாக அரிக்கும். அப்புறம் ஒருநாள் ஹைவேயில் இன்ஜின் கொதிக்கும், ஹெட் வளையும், கேஸ்கெட் போகும், ஆயில் மூடியைத் திறந்தால் பால் கலந்த மாதிரி வெளுத்திருக்கும். "ஹெட்டைக் கழட்டி லேத்துக்கு அனுப்பணும் சார்" என்று அதே அண்ணன் வருத்தத்தோடு சொல்வார்.

சரி, தண்ணீர் வேண்டாம், நல்ல கூலன்ட் வாங்குவோம் என்று ஸ்பேர்ஸ் கடைக்குப் போனால் அங்கே கேட்கும் ஒரே கேள்வி: "பச்சையா, சிவப்பா?" அண்ணே, அது சாயம்! எந்தக் கம்பெனியும் எந்த நிறத்தையும் போட்டுக்கொள்ளலாம். உள்ளே துருவைத் தடுக்கும் மருந்தாக சிலிகேட் இருக்கிறதா, பாஸ்பேட் இருக்கிறதா, ஆர்கானிக் ஆசிட் வகையா என்பதுதான் விஷயம். பழைய வகை இரண்டு வருஷத்தில் சத்தில்லாமல் போகும், ஆர்கானிக் வகை ஐந்து வருஷம் போல வரும். இரண்டையும் நிறம் பார்த்துக் கலந்தால் ஆயுள் குறையும், நேரம் கெட்டால் கொழகொழவென்று திரிந்தும் போகும். எந்த வகை ஊற்ற வேண்டும் என்று கார் மேனுவலில் இருக்கிறது, ஆனால் கடையில் அதைச் சொன்னால் என்னை ஏதோ வெளிநாட்டு ஆள் போலப் பார்க்கிறார்கள்.

அந்தக் கேன்களின் அழகைச் சொல்லவே வேண்டாம். முன்பக்கம் பனிமலைப் படம், ரேஸ் கார் படம், தீப்பொறி. பின்பக்கம் ஐஎஸ் 5759 என்றோ ஜேஐஎஸ் கே 2234 என்றோ ஒரு தர எண் தேடினால் கிடைக்காது. கிளைகால் எத்தனை சதவீதம் என்பதும் இருக்காது. அப்படி ஒரு பச்சைக் கேனை வாங்கி, கூலன்ட் எத்தனை டிகிரியில் உறையும் என்று காட்டுகிற, நண்பனிடம் இருந்த ரிஃப்ராக்டோமீட்டரில் இரண்டு சொட்டு விட்டு, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தோம். நீலமும் வெள்ளையும் பிரிகிற கோடு மைனஸ் 37-க்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். மைனஸ் 5-ஐக்கூட அது தொடவில்லை. வெறும் தண்ணீரை விட்டுப் பார்த்தபோது இருந்த இடத்துக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். விரலில் தேய்த்தால் கிளைகாலின் வழவழப்பே இல்லை. பச்சைச் சாயம் கலந்த தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன்.

நல்ல சரக்கு கிடைத்தாலும் ஊற்றுகிறவரைக் காவல் காக்க வேண்டும். ஏற்கனவே தண்ணீர் கலந்து வருகிற ரெடிமேட் கூலன்டில் மறுபடி பாதி தண்ணீர் சேர்க்கிறார்கள். தண்ணீர் சேர்த்தே ஊற்ற வேண்டிய கெட்டிக் கூலன்டான கான்சன்ட்ரேட்டை அப்படியே தண்ணீர் இல்லாமல் ஊற்றி "ஸ்ட்ராங்கா போட்டிருக்கேன் சார்" என்கிறவர்களும் உண்டு. வடித்த பழைய கூலன்ட் நேராகத் தெருச் சாக்கடைக்குப் போகிறது. கிளைகால் இனிக்கும், விஷம். தெருநாய் நக்கினால் கிட்னி போய்ச் சாகும். இதைச் சொன்னால் "நாயெல்லாம் பாத்தா தொழில் பண்ண முடியுமா" என்று பதில்.

கார் கம்பெனிகளும் லேசுப்பட்டவை அல்ல. பல சின்னக் கார்களில் டெம்பரேச்சர் முள்ளையே எடுத்துவிட்டு நீல லைட், சிவப்பு லைட் என்று இரண்டு பொட்டு வைத்துவிட்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாகச் சூடு ஏறுவதைப் பார்த்து ஓரங்கட்ட வழியில்லை. அதிலும் கூலன்ட் மொத்தமாக வடிந்துபோனால் சென்சார் காற்றில் தொங்கும், சரியான சூட்டையே காட்டாது.

என் காருக்குத் திரும்புகிறேன். பழுப்புத் தண்ணீரை வடித்து, டிஸ்டில்டு வாட்டர் விட்டு, தெளிவாக வரும் வரை அலசினேன். அப்போதும் இன்ஜின் சூடாக ரொம்ப நேரம் பிடித்தது, மைலேஜும் இல்லை. ஹவுசிங்கைக் கழற்றிப் பார்த்தால் தெர்மோஸ்டாட்டே இல்லை! யாரோ ஒரு புண்ணியவான் கழற்றி வீசிவிட்டு மூடியிருக்கிறார். 80, 85 டிகிரி வரும் வரை மூடியிருந்து இன்ஜினைச் சீக்கிரம் பதத்துக்குக் கொண்டுவருகிற வால்வு அது. அது இல்லாவிட்டால் இன்ஜின் குளிர்ந்தே ஓடும், காரின் கம்ப்யூட்டர் இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்துப் பெட்ரோலை அள்ளி ஊற்றும், தேய்மானமும் கூடும்.

புதிது வாங்க ஊரின் பெரிய ஸ்பேர்ஸ் கடைக்குப் போனேன். "தெர்மோஸ்டாட்டா? ஸ்டாக் வைக்கிறதில்லை சார், யாரும் வாங்குறதில்லை. எல்லாரும் கழட்டித்தான் போடுறாங்க, நீங்க ஏன் மாட்டுறீங்க?" என்றார். ஆர்டர் போட்டால் நாலு நாள் ஆகுமாம். முழுப் பணமும் முன்னாலேயே கட்ட வேண்டுமாம், திருப்பி எடுக்க மாட்டார்களாம். கட்டிவிட்டு வந்திருக்கிறேன்.