ஃபுட்சால் என்றால் அவ்வளவு இளக்காரமா?

"வாடகை டர்ஃப்ல, செயற்கைப் புல்லுல ஆடுறதுதானேப்பா அது, அதுக்கெல்லாமா சாம்பியன்ஸ் லீக்?" ஃபுட்சால், அதாவது அணிக்கு ஐந்து பேர் உள்ளரங்கில் ஆடும் கால்பந்து, என்று வாயைத் திறந்தாலே இதுதான் பதில். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ஆமாம், அதுக்கும்தான் சாம்பியன்ஸ் லீக். 2002-லேயே முதல் கோப்பையைக் கொடுத்துவிட்டார்கள். ஐரோப்பாவின் கிளப் அணிகள் வருடா வருடம் மோதுகின்றன, கடைசி நான்கு அணிகள் ஒரே ஊரில் கூடி அரையிறுதியும் இறுதியும் ஆடி முடிக்கின்றன. கூட இருக்கிற கால்பந்து ரசிகர்களுக்கே இது தெரியவில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல்.

ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் பால்மா என்று ஒரு அணி. 2023, 2024, 2025 என்று வரிசையாக மூன்று முறை இந்தக் கோப்பையைத் தூக்கினார்கள். அதற்கு முன் எந்த அணியும் செய்யாத காரியம். முதல் கோப்பையை வென்றபோது ஸ்பெயின் லீக் பட்டம்கூட அவர்களிடம் கிடையாது! அடுத்த வருடம் பார்சிலோனாவையே 5-1 என்று புரட்டி எடுத்தார்கள். அதற்கும் அடுத்த வருடம் பிரான்சின் லெ மான் நகரில் கஜகஸ்தானின் கைராத் அணிக்கு எதிராக ஒன்பது கோல். பெரிய மைதானத்தில் ஒரு தீவு அணி இதைச் செய்திருந்தால் ஒரு வாரம் இதே பேச்சாக இருந்திருக்கும். நான் வாங்கும் பேப்பரில் ஒரு வரி இல்லை. சரி, போனில் தேடலாம் என்றால், சாம்பியன்ஸ் லீக் என்று அடித்ததுமே ரியல் மாட்ரிட் வந்து நிற்கிறது.

அப்புறம் இந்தத் துண்டு வீடியோக்கள். காலுக்கு நடுவே பந்தை விடுவது, தலைக்கு மேல் தூக்கிப் போடுவது, பின்னால் ஒரு குத்துப் பாட்டு. இதுதான் ஃபுட்சால் என்று ஊரே நினைக்கிறது. இந்த ஆட்டத்தின் மூளை எங்கே இருக்கிறது என்று யாராவது காட்டுகிறார்களா?

கைராத்துக்குக் கோல்கீப்பராக ஹிகிதா ஆடிய ஒரு முழு ஆட்டத்தைப் பாருங்கள். கோல் கம்பத்தை விட்டுவிட்டுப் பந்தோடு எதிரணிப் பாதிக்குள் வந்துவிடுவார். தாக்குதலில் ஐந்து பேர், தடுக்க நான்கே பேர். பந்து வலது ஓரம், நடு, இடது ஓரம் என்று போய்க்கொண்டே இருக்கும். தடுப்பவர்கள் நான்கு பேரும் சேர்ந்து நகர வேண்டும், ஒருவர் அரை அடி தாமதித்தால் கோலின் தூரத்துக் கம்பத்தருகே ஆள் தனியாக நிற்பான். பந்து பறிபோனாலோ பின்னால் கோல் காலி! அந்த ரிஸ்க்கை எடுத்துத்தான் கைராத் 2013-லும் 2015-லும் ஐரோப்பாவை வென்றது.

ஃபவுல் கணக்கு இன்னொரு தலைவலி. ஒரு பாதியில் ஆறாவது ஃபவுலிலிருந்து முன்னால் ஆட்கள் வரிசையாக நிற்கும் தடுப்புச் சுவரே கிடையாது, பத்து மீட்டரிலிருந்து நேராக அடிக்கலாம். ஐந்து ஃபவுல் ஆகிவிட்ட அணி கால் நீட்டவே பயந்து பயந்து ஆடும். பந்து வெளியே போனால் கடிகாரம் நிற்கும், அதனால் கீழே உருண்டு நேரம் கடத்துவது நடக்காது. 2021 இறுதியில் பார்சிலோனா 2-0 என்று முன்னால் இருந்தது. போர்ச்சுகலின் ஸ்போர்டிங் திரும்பி வந்து 4-3 என்று ஜெயித்தது. இப்படிப்பட்ட ஆட்டத்தையா பொழுதுபோக்கு என்கிறீர்கள்?

நடத்துகிறவர்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. 2024-ல் இறுதிக்கு வந்த இரண்டுமே ஸ்பெயின் அணிகள், ஆட்டம் நடந்ததோ ஆர்மீனியாவின் யெரெவானில். எத்தனை ரசிகர்கள் அவ்வளவு தூரம் செலவழித்துப் போக முடியும்? அதிலும் இறுதிக்கட்டத்தை மே மாத வாக்கில் வைக்கிறார்கள். பெரிய கால்பந்து லீக்குகள் பட்டத்துக்கு முட்டிமோதிக்கொண்டிருக்கும் நேரம் அது. யார் இந்தப் பக்கம் திரும்புவார்கள்?

நம் ஊர் மட்டும் என்ன வாழ்கிறது? 2016-ல் சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் பிரேசிலின் ஃபுட்சால் வீரர் ஃபால்காவோவே வந்து ஆடினார். இந்த ஆட்டத்தில் அவரைவிடப் பெரிய பெயர் சொல்வது கஷ்டம். வந்தார், ஆடினார், கைதட்டினோம், மறந்துவிட்டோம். இந்திய அணி ஆசியக் கோப்பைத் தகுதிச்சுற்றில் முதன்முதலாகக் கால் வைத்ததே 2023-ல்தான். டர்ஃப்பில் ராத்திரி பதினொரு மணிக்குக்கூட இடம் கிடைக்காத அளவுக்குப் பையன்கள் ஆடுகிறார்கள், ஆனால் ஆறாவது ஃபவுலுக்கு என்ன ஆகும் என்று அவர்களுக்குச் சொல்லித்தர ஆளில்லை.

விளையாட்டுப் பக்கம் போடும் ஐயாக்களே, முழுப் பக்கம் கேட்கவில்லை. இறுதியாட்டத்துக்கு மறுநாள் ஸ்கோரையும் கோல் அடித்தவர்கள் பெயரையும் நான்கு வரியில் போடுங்கள். அதற்குக்கூடவா இடமில்லை?