அட்டைக்கடியும் அந்தக் கொப்பியும்
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் மலைநடையையும் அவர் எழுதிவரும் பாதைக் குறிப்புகளையும் பற்றிய கட்டுரையை வெள்ளவத்தையிலிருந்து வாசித்தேன். எங்கள் புவியியல் ஆசிரியர் கண்முன் வந்து நின்றார். கோட்டையில் இரவு ரயிலேறி ஹட்டனில் இறங்கி, நல்லதண்ணி வழியாகச் சிவனொளிபாத மலைக்கு எங்களை அழைத்துச் சென்றவர் அவர். உயரம் 2,243 மீற்றர்! எந்த வளைவில் தண்ணீர் கிடைக்கும், எங்கே அட்டை ஏறும், எந்த லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) வழி கேட்கலாம் என்பதெல்லாம் அவருடைய கொப்பியில் இருந்தது. இன்று 22 கட்டங்களாக 300 கிலோமீற்றருக்கு மேல் நீளும், மலையகத்தின் நெடுநடைப் பாதையான பீக்கோ பாதையும் பெரும்பாலும் பழைய தேயிலைத் தோட்டப் பாதைகளில்தான் செல்கிறது. கொழுந்துக் கூடையோடு அவற்றை நடந்து தேய்த்தவர்கள் நம் மக்கள். அவர்கள் வாய்வழக்கில் உள்ள இடப்பெயர்களையும் கட்டுரையில் வரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் தம் குறிப்புகளில் தமிழிலேயே எழுதிவைக்க வேண்டும்.