மெர்லயன் பழங்கால மலாய்த் தெய்வமா?

சிங்கத் தலையும் மீன் உடலும் கொண்ட மெர்லயன், மலாய் மக்கள் பன்னூறு ஆண்டுகளாக வழிபட்டுவந்த கடல் தெய்வம் என்று சமூக ஊடகங்களில் பகிரப்படும் செய்தி தவறானது. மீன் காட்சியகப் பொறுப்பாளராக இருந்த ஃபிரேசர்-புரூனர், சிங்கப்பூர்ச் சுற்றுலா வாரியத்துக்காக 1964இல் வடிவமைத்த சின்னமே அது. நீர் உமிழும் சிலையோ 1972இல்தான் திறக்கப்பட்டது. மலாய் மரபில் உண்மையாகவே இருப்பது வேறு கதை, அதுவும் இதைவிடச் சுவையானது. இன்றைய சிங்கப்பூரான தெமாசெக் தீவில் கரையிறங்கிய இளவரசன் சாங் நீல உத்தமன், சிவந்த உடலும் கருந்தலையும் வெண்மார்பும் கொண்டு, ஆட்டுக்கிடாயைவிடச் சற்றே பெரிதாக இருந்த ஒரு விலங்கு பாய்ந்தோடக் கண்டான் என்றும், அது சிங்கமாக இருக்கலாம் என்று உடன்வந்தவர் சொன்னதால் அவ்விடத்துக்குச் சிங்கபுரம் எனப் பெயரிட்டான் என்றும் மலாய் மன்னர்களின் வரலாற்றைச் சொல்லும் பழைய நூலான செஜாரா மெலாயு கூறுகிறது. (அத்தீவில் சிங்கங்கள் வாழ்ந்ததில்லை என்பது வேறு செய்தி.) அந்த வருணனையில் மீன்வாலும் இல்லை, வழிபாடும் இல்லை, தெமாசெக்கின் மீனவக் குடியிருப்பைக் குறிப்பதற்காகச் சின்னத்தில் சேர்க்கப்பட்டதே அந்த வால்.